ஷவரில் தண்ணீர் மெலிந்தால் முதலில் அளந்து பாருங்கள்

நாமக்கல்லிலிருந்து காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் இருக்கும் அடிவாரத்து ஊர் சேந்தமங்கலம். இங்கும் இன்று எழும்பும் புது வீடுகளில் ஷவர் இல்லாத குளியலறை அரிதாகிவிட்டது. குடிபோன சில நாளிலேயே ஒரு குறை தலைகாட்டும். ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூல் நூலாக இறங்கும். தேய்த்த சீயக்காய் அலசிப் போவதற்குள் பொறுமை போய்விடும். "ஒரு பிரஷர் பம்ப் போட்டுவிடுங்கள், சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். கடைக்குப் போனால் எதிர்கொள்ளும் முதல் கேள்வி, "எத்தனை ஹெச்பி வேணும்?" இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் காசும் போகும், தண்ணீரும் போகும், ஷவரும் சரியாகாது என்பதே என் வாதம். ஷவர் மெலிவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் தொட்டியின் உயரம், குழாயின் அளவு, உப்புப் படிவு ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடும். மூன்றையும் அளந்து பார்த்த பிறகும் பம்ப் தேவைப்பட்டால், அது பெரும்பாலும் கடைக்காரர் எடுத்துக் காட்டுவதைவிடச் சிறியதாகவே இருக்கும்.

உயரத்திலிருந்து தொடங்குவோம். தண்ணீருக்கு அழுத்தம் தருவது உயரம். கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அந்த உயரம் முழுவதையும் ஒரு குழாய்க்குள் அடைத்தால் அடியில் ஒன்பது பார் அழுத்தம் கிடைக்கும். ஏறக்குறைய 33 அடி நீர்மட்டம் ஒரு பார் என்பது கணக்கு. இப்போது ஒரு சாதாரண தரைத்தள வீட்டுக்கு வருவோம். கான்கிரீட் தளம் 10 அடி உயரத்தில். அதன் மேல் மூன்றடி மேடை கட்டி சின்டெக்ஸ் தொட்டி. குளியலறையில் ஷவரின் முகம் தரையிலிருந்து 7 அடி. தொட்டியின் அடிப்பகுதிக்கும் ஷவருக்கும் இடையில் மிஞ்சுவது ஆறே அடி, அதாவது 0.18 பார். இன்று விற்கும் ஷவர் முகங்கள் பலவும் ஒரு பார் அளவு அழுத்தத்தையாவது எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. தட்டு போல அகலமான மழை ஷவர்களுக்கு அழுத்தமும் வேண்டும், தண்ணீரின் அளவும் கூடுதலாக வேண்டும். அதை ஆறடி உயரத்தில் தொங்கும் தொட்டியோடு இணைத்தால் சொட்டத்தான் செய்யும். தொட்டி நிறைந்திருக்கும் காலையில் மேலும் மூன்று நான்கு அடி நீர்மட்டம் சேர்வதால் ஓரளவு வரும். மாலையில் தொட்டி வற்றும்போது மெலியும். "காலையில் நன்றாக வருகிறது, சாயங்காலம் வரமாட்டேன் என்கிறது" என்று சொல்லும் வீடுகளில் கோளாறு எதுவும் இல்லை, உயரம் போதவில்லை.

தெருக்குழாயில் வரும் அழுத்தம் எங்கே போனது என்று கேட்கலாம். மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு 1999-இல் வகுத்த கையேட்டின்படி, ஒரு தள வீடுகள் உள்ள பகுதியில் விநியோகக் குழாயில் குறைந்தது 7 மீட்டர், இரண்டு தளப் பகுதியில் 12 மீட்டர் அழுத்தம் மிஞ்சியிருக்க வேண்டியிருந்தது. அந்த அழுத்தம் முழுமையாக வந்தாலும் நமக்குப் பயனில்லை. தண்ணீர் எப்போதோ ஒரு நேரம் வருகிறது. அதைத் தரைத்தொட்டியிலோ மேல்நிலைத் தொட்டியிலோ பிடித்து வைக்கிறோம். தொட்டிக்குள் விழுந்த கணத்திலேயே தெருக்குழாயின் அழுத்தம் தீர்ந்துபோகிறது. அதன்பின் வீட்டுக்குள் இருப்பது தொட்டியின் உயரம் தரும் அழுத்தம் மட்டுமே. நாள் முழுதும் குழாயில் தண்ணீர் நிற்கும் ஊர்களில் தெரு அழுத்தமே நேராக ஷவருக்கு வரும். ஒடிசாவின் புரி நகரம் 2021 ஜூலையில் 24 மணி நேரமும் குழாயிலேயே குடிக்கத்தக்க நீர் தரும் நகரமானது. பிரிட்டனிலும் பழைய வீடுகளில் கூரைக்கடியில் தொட்டி வைத்திருந்ததால் நம்முடைய இதே சிக்கல் இருந்தது; ஷவருக்கென்றே தனிப் பம்ப் விற்கும் தொழில் அங்கே வளர்ந்ததற்கு அதுவே காரணம். ஆக, சேந்தமங்கலத்துக் குளியலறையில் ஷவர் மெலிவதன் வேர் இடைவிட்ட குடிநீர் விநியோகத்தில் இருக்கிறது. அது மாறும்வரை வீட்டளவில் செய்யக்கூடியதைச் சரியாகச் செய்வோம்.

அடுத்தது குழாய். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை, எனக்கு அதிக ஆதங்கமும் இதில்தான். நிமிடத்துக்கு 9 லிட்டர் ஓட்டத்தில், அரை இன்ச் சிபிவிசி குழாயில் 30 அடி தூரம் தண்ணீர் போனால், உராய்விலேயே ஏறக்குறைய நாலரை அடி உயரத்துக்கான அழுத்தம் கரைந்துவிடும். இருப்பதே ஆறடி. மொட்டை மாடியிலிருந்து சுவரோரம் இறங்கி, கிச்சனைச் சுற்றி, குளியலறைக்குள் நுழைய 30 அடி மிகச் சாதாரணம். வழியில் வரும் ஒவ்வொரு எல்போவும் கூடுதலாக ஓர் அடிக்கு மேற்பட்ட குழாய்க்குச் சமம். பிறகு ஷவருக்கு என்ன மிஞ்சும்? அதே 30 அடியை முக்கால் இன்ச் குழாயில் கொண்டுவந்தால் இழப்பு முக்கால் அடி அளவுக்கு இறங்கிவிடுகிறது. குழாயின் உள்விட்டம் ஒன்றரை மடங்கு ஆகும்போது உராய்வு ஆறில் ஒரு பங்காகிறது. அந்த அளவுக்குக் கடுமையான கணக்கு இது. தொட்டியிலிருந்து இறங்கும் பிரதானக் குழாய் ஒரு இன்ச், குளியலறை வரை முக்கால் இன்ச், சுவருக்குள் கடைசி ஓரிரு அடி மட்டும் அரை இன்ச் என்று கட்டும்போதே போட்டுவிட்டால் பல வீடுகளில் பம்ப் பேச்சே எழாது. டைல்ஸுக்கும் கதவுக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கும் வீட்டில், குழாயில் சில ஆயிரம் மிச்சம் பிடித்து, பிறகு அதற்கு மேல் கொடுத்துப் பம்ப் வாங்குவது வீண்.

மூன்றாவது உப்பு. கொல்லிமலை அடிவாரம் கடினப்பாறைப் பகுதி. போர் தண்ணீர் பாறை வெடிப்புகளில் தங்கியிருந்து வருவது. கால்சியமும் மக்னீசியமும் கரைந்த கடினநீர் இங்கே பல வீடுகளின் அன்றாடம். இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் விதிப்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுக்கலாம். அந்த மேல் எல்லையை ஒட்டிய தண்ணீர் ஷவர் முகத்தை என்ன செய்யும் என்பதைத் திருகிக் கழற்றிப் பார்த்தாலே தெரியும். பின்பக்கச் சல்லடையில் பிளாஸ்டிக் துணுக்கும் மணலும். முன்பக்கத் துளைகளைச் சுற்றி வெள்ளை வளையம். நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு போல உதிரும். சில துளைகள் முழுதாக மூடியிருக்கும், சில துளைகளில் தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சும். இரவு முழுக்க வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறப்போட்டு, காலையில் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் திறந்துகொள்ளும். கீசரின் உள்ளேயும் இதே படிவு இருக்கும். சுடுநீர் மட்டும் மெலிந்து குளிர்நீர் நன்றாக வந்தால் சந்தேகப்பட வேண்டிய இடம் கீசர். அதற்குப் பம்ப் மருந்தாகாது.

இவற்றில் எது தன் வீட்டுச் சிக்கல் என்பதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் வேண்டியதில்லை. ஒரு வாளி, கைப்பேசிக் கடிகாரம், அளவு டேப் போதும். ஷவரைத் திறந்து 15 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஷவர் முகத்தைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் முனையிலிருந்து அதே வாளியை நிரப்புங்கள். வெறும் குழாயில் இரண்டு நிமிடத்துக்குள் நிறைந்து, முகத்தை மாட்டினால் ஐந்து நிமிடம் பிடித்தால், குற்றம் ஷவர் முகத்தின் மேல்: அடைத்திருக்கிறது, அல்லது உங்கள் அழுத்தத்துக்குப் பொருந்தாத முகம். அதைக் கழற்றிய பிறகும் மெலிந்தே வந்தால் குழாயையும் வால்வையும் பாருங்கள். பாதி திறந்த கேட் வால்வு, தொட்டி வாயில் பாசி, இறங்கு குழாயில் சிக்கிய காற்று என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தொட்டியை விட்டு இறங்கும் குழாயில், தொட்டி மட்டத்துக்கு மேல் நீட்டிய காற்றுக் குழாய் இல்லாத வீடுகளில், தொட்டி ஒருமுறை காலியாகி நிறைந்ததும் ஷவர் நின்றுபோவது இப்படிச் சிக்கிய காற்றால்தான். கடைசியில் தொட்டி அடிக்கும் ஷவருக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பம்ப் வாங்குவதானாலும் இந்த எண்கள் வேண்டும்.

தொட்டியையே உயர்த்திவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஐந்தடி உயர்த்தினால் ஆறடி பதினோரு அடியாகிறது, ஆனால் ஓட்டம் இரட்டிப்பாகாது. அழுத்தம் இரு மடங்கானால் ஓட்டம் சுமார் 1.4 மடங்குதான் கூடும். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் எடை. பழைய தளத்தின் நடுவில் உயர மேடை கட்டி அந்த எடையை ஏற்றுவது ஆபத்து. தூண்களின் மேல் அமையும்படி கட்ட முடிந்தால் செய்யலாம். மின்சாரம் இல்லாதபோதும் வேலை செய்யும் தீர்வு என்பதால், புதிதாகக் கட்டுபவர்களுக்கு இதை முதலில் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே கட்டிய வீட்டில் பெரும்பாலும் இது நடைமுறைக்கு வராது. அங்கேதான் பம்ப்புக்கு நியாயமான இடம் இருக்கிறது. முதல் மாடிக் குளியலறைக்கு நேர் மேலே தொட்டி இருந்து, சுவரை உடைத்துக் குழாய் மாற்ற வழியில்லாத வீட்டில் பம்ப் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் எந்தப் பம்ப்? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் போர் போடும் மாவட்டம் இது. விவசாய மின் இணைப்பு முதல் கிணற்று மோட்டார் வரை எல்லாவற்றையும் ஹெச்பியில் பேசியே பழகிவிட்டோம். பல நூறு அடி ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்க அந்தப் பேச்சு பொருந்தும். ஷவருக்குக் கேட்க வேண்டியது வேறு: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அழுத்தத்தில்? ஒரே நேரத்தில் இரண்டு ஷவர் திறந்தாலும் நிமிடத்துக்கு 20 லிட்டர் போதும். ஒன்றரை பார், அதாவது 15 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் தாராளம். இந்த வேலையைச் செய்யத் தண்ணீருக்குத் தேவைப்படும் திறன் 49 வாட். சிறிய பம்ப்பின் திறமை 30 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும் மின்சாரம் 165 வாட்டுக்குள் அடங்கும். கால் ஹெச்பிக்கும் குறைவு. நான்கு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தாலும் மாதத்துக்கு மூன்று நான்கு யூனிட்தான். இந்த இடத்தில் ஒரு ஹெச்பி பம்ப்பை வைத்தால் தேவைக்கு மிஞ்சிய அழுத்தம் டேப் வாஷர்களையும், கழிப்பறைத் தொட்டியின் மிதவையையும், பழைய பிவிசி ஒட்டுகளையும் தேடிப்பிடித்துத் தாக்கும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். "அதிகபட்ச உயரம் 30 மீட்டர், அதிகபட்ச ஓட்டம் நிமிடத்துக்கு 40 லிட்டர்" என்றிருந்தால், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. முதல் எண் தண்ணீர் துளியும் ஓடாதபோது. இரண்டாவது எண் எதிர்ப்பே இல்லாதபோது. நமக்கு வேண்டியது இடையில் ஒரு புள்ளி: 15 மீட்டரில் எத்தனை லிட்டர் வரும் என்பது. அதைக் காட்டும் வரைபடம் தயாரிப்பாளரிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். தரைத்தொட்டியிலிருந்து மேலே ஏற்றப் பயன்படும் அரை ஹெச்பி செல்ஃப் பிரைமிங் மோட்டாரையே ஷவர் லைனில் கோத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. இது கூடாது. அந்த வகையில் வால்வை மூட மூட அழுத்தமும் மின்னிழுவையும் ஏறும். ஷவரை மூடிய பிறகும் மோட்டார் ஓடினால் சுருள் எரியும். அதன் சக்கரத்துக்கும் உறைக்கும் இடையில் உள்ள மெல்லிய இடைவெளியைப் போர் மணல் சீக்கிரமே தேய்த்துவிடும்.

ஷவருக்கென்று வரும் பம்ப்பில் தானாக ஓடி நிற்கும் அமைப்பு எது என்று பார்த்து வாங்குவதும் முக்கியம். ஃப்ளோ சுவிட்ச் வைத்தவை, தண்ணீர் சிறிதளவு தானாக ஓடத் தொடங்கினால்தான் விழித்துக்கொள்ளும். தொட்டி ஷவருக்கு மேலே ஐந்தாறு அடியில் இருக்கும் தரைத்தள வீட்டுக்கு இவை போதும், விலையும் குறைவு. தொட்டி மட்டமும் ஷவர் மட்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் மாடி அறையில் இவை கிளம்பவே கிளம்பாது. அங்கே சிறு அழுத்தக் கலனும் பிரஷர் சுவிட்சும் கொண்ட வகை வேண்டும். அந்த வகைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வீட்டில் எங்காவது ஒரு டேப் சொட்டினாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் விழித்து விழித்து அணையும், இரவெல்லாம். ஒழுகலை அடைத்துவிட்டுப் பொருத்துங்கள். எந்த வகையானாலும் பம்ப்புக்கு முன்னால் ஒரு சல்லடை, தொட்டி வற்றினால் நிறுத்தும் பாதுகாப்பு, மின்சாரம் போனால் தண்ணீர் தானாக இறங்க நான்-ரிட்டர்ன் வால்வுடன் ஒரு பக்கவழிக் குழாய், நல்ல எர்த், மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கர் ஆகியவை கட்டாயம். குளிக்கும் தண்ணீரோடு தொடர்புள்ள மின்கருவி இது. இந்தச் செலவில் கை இழுத்துப் பிடிக்கக் கூடாது.

சூரிய வெந்நீர் கலன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழல் வைத்த சாதாரண வகைக் கலன்கள் அழுத்தம் தாங்கக் கட்டப்பட்டவை அல்ல. மேலே திறந்த காற்றுக் குழாய் இருக்கும். கலனுக்கு முன்னால் பம்ப் வைத்தால் அந்தக் குழாய் வழியே தண்ணீர் மாடியில் கொட்டும், அது அடைத்திருந்தால் கலனே பிளக்கும். குளிர்நீர் லைனுக்கு மட்டும் பம்ப் வைத்தாலும் சிக்கல்தான்: மிக்சரில் குளிர்நீர் வெந்நீரைத் திருப்பித் தள்ளிவிடும், வெந்நீர் வரவே வராது. இரண்டு லைனையும் சம அழுத்தத்தில் வைக்கத் தெரிந்த பிளம்பரிடம் மட்டுமே இந்த வேலையைக் கொடுங்கள்.

தண்ணீருக்கே திண்டாடும் காலத்தில் ஷவரும் பம்ப்பும் ஆடம்பரம் அல்லவா என்ற ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. பாதாளச் சாக்கடை இல்லாத நகரப் பகுதிகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பதே 1999 கையேட்டில் அரசு வைத்திருந்த திட்ட அளவு. ஜல் ஜீவன் திட்டம் கிராம வீடுகளுக்கு வைத்திருக்கும் இலக்கு 55 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டும் மழை ஷவரில் எட்டு நிமிடம் நின்றால் 120 லிட்டர். ஒருவருடைய ஒன்றரை நாள் பங்குக்கும் மேல். அதே சமயம் நிமிடத்துக்கு 6 லிட்டர் மட்டும் விடும் ஷவர் முகத்தில் நான்கு நிமிடக் குளியல் 24 லிட்டர், ஒரு பெரிய வாளிக்குச் சற்று மேல். குனிந்து மொண்டு ஊற்ற முடியாத முழங்கால் வலிக்காரர்களுக்கும், நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்ட வேண்டிய முதியவர்களுக்கும், பிரசவமான பெண்களுக்கும் ஷவர் அவசியமான வசதி. சொட்டும் ஷவரின் கீழ் நுரை போகாமல் நெடுநேரம் நிற்பவரும் தண்ணீரை வீணாக்குகிறார். குறைந்த ஓட்டமுள்ள முகத்தோடு சேர்ந்த அளவான அழுத்தம் தண்ணீரை மிச்சப்படுத்தும். ஆகவே சிறிய பம்ப் என்று நான் வலியுறுத்துவதில் மின்சாரத்தைவிடப் பெரிய காரணம் தண்ணீர்தான்.

விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. பேரூராட்சிக் குழாயில் நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவது. ஷவருக்கானாலும் தொட்டி நிரப்புவதற்கானாலும் இது சட்டத்துக்குப் புறம்பு. உள்ளாட்சி அமைப்புகள் மோட்டாரைப் பறிமுதல் செய்வதும் இணைப்பைத் துண்டிப்பதும் இதற்காகத்தான். ஒரு வீடு உறிஞ்சினால் அதே தெருவின் கடைசி வீட்டில் குடத்தோடு நிற்பவருக்குத் தண்ணீர் வராது. அதைவிடக் கொடியது, உறிஞ்சும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, சாக்கடையோரம் விரிசல் விட்ட இடத்தின் வழியே கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுவது. தெருக்குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கும் பிரிட்டனிலேயே, நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இழுக்கும் பம்ப்பைக் குடிநீர்க் குழாயில் பொருத்த 1999-ஆம் ஆண்டு விதிப்படி நீர் நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் நம் தெருக்களில் இது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப்பாருங்கள். பம்ப் எப்போதும் உங்கள் சொந்தத் தொட்டிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவு கணக்கையும் வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பதையும் ஏற்கிறேன். பிளம்பர்கள் பலருக்குக் கைவேலை நன்றாகத் தெரியும். அழுத்தக் கணக்கை யாரும் சொல்லித்தந்ததில்லை. நாட்டின் பம்ப் உற்பத்தியில் பெரும்பங்கு கோவையில் நடக்கிறது; அங்கிருந்து நாமக்கல் கடைகளுக்கு வரும் பெட்டிகளில் கொட்டை எழுத்தில் இருப்பது ஹெச்பியும் அதிகபட்ச எண்களும்தான். தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு வீட்டுப் பம்ப் பெட்டியின் மேலும் 5, 10, 15 மீட்டரில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற மூன்று வரிகளைத் தமிழில் அச்சிட வேண்டும். அதனோடு, தொட்டிக்கும் ஷவருக்கும் குறைந்தது எத்தனை அடி உயரம் இருந்தால் இந்தப் பம்ப் கிளம்பும் என்பதையும், தெருக்குழாயில் நேரடியாக இணைக்கக் கூடாது என்பதையும் எழுத வேண்டும். அதுவரை, இந்த விவரங்களைச் சொல்லாத கடையில் ஷவர் பம்ப் வாங்காதீர்கள்.